விட்ச்சர் 4 வருமுன்: பிசியா, பிஎஸ்5ஆ, பேசாமல் இருப்பதா?

விட்ச்சர் 4 என்ற, வரப்போகும் வீடியோ கேமுக்காக இப்போதே பிசியோ பிஎஸ்5 கன்சோலோ ஒரு மெஷின் வாங்கிவிடலாமா? களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் கேம் பேசுகிறவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். இது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. கேம் நன்றாக இருக்குமா என்பது ஒன்று. எதில் ஒழுங்காக ஓடும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு இன்றைக்குப் பணம் செலவழித்து ஒரு பதிலும் வாங்க முடியாது. இரண்டாவதற்கு மட்டும் கொஞ்சம் தகவல் இருக்கிறது. ஆசை முதல் கேள்வியில் கிளம்பி, பர்ஸ் இரண்டாம் கேள்வியில் திறப்பதால்தான் பலர் தவறான சமயத்தில் தவறான பெட்டியை வாங்குகிறார்கள்.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் வைத்துக்கொள்வோம். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் புதிய விட்ச்சர் கதைத்தொடரை 2022 மார்ச்சில் அறிவித்தது. கேமைக் கட்டும் மென்பொருளாக இதுவரை பயன்படுத்திய தன் சொந்த ரெட்எஞ்சினை விட்டு, எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறுவதாகவும் அப்போதே சொன்னது. 2024 நவம்பரில் முழு வீச்சில் தயாரிப்பு தொடங்கியது. அடுத்த மாதமே கேம் அவார்ட்ஸ் மேடையில் முதல் டிரெய்லர் வந்தது. நாயகி சிரி, மூன்றாம் பாகத்தின் நாயகன் கெரால்ட் மகளாக வளர்த்தவள். இருவரும் விட்ச்சர்கள், அதாவது காசுக்குப் பிசாசு வேட்டையாடுபவர்கள். 2025 ஜூனில் அன்ரியல் நிகழ்ச்சியில் ஒரு தொழில்நுட்ப டெமோ காட்டினார்கள். கோவிர் என்ற வடநாடு, வால்ட்ரெஸ்ட் என்ற துறைமுக ஊர், கெல்பி என்ற குதிரை, கூட்டம் நெரியும் சந்தை எல்லாம் அதில் உண்டு. 2026 முடிவதற்குள் கேம் வெளிவராது என்பதை 2025 மார்ச்சிலேயே முதலீட்டாளர்களிடம் நிறுவனம் சொல்லிவிட்டது. பிசிக்கு என்ன கிராஃபிக்ஸ் கார்டு, எவ்வளவு ரேம் வேண்டும் என்ற பட்டியல் இந்த அறிவிப்புகள் எதிலும் இல்லை.

கதையைப் பற்றிய கவலை

மூன்றாம் பாகத்தை முடிக்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ரசிகர்களின் பெரிய சண்டை சிரியைச் சுற்றித்தான். மூன்றாம் பாகத்தில் அவளாக ஆடும் பகுதிகளில் அவளுக்கு மருந்துக் குப்பிகளும் இல்லை, சைன் மந்திரங்களும் இல்லை. இடம்விட்டு இடம் மின்னலாய்த் தாவுவதுதான் அவள் பலம். புதிய டிரெய்லரிலோ அவள் குப்பியைக் குடிக்கிறாள், மந்திரம் போடுகிறாள், கண்ணும் விட்ச்சர்களின் பூனைக்கண்ணாக இருக்கிறது. புல் சோதனை எனப்படும் அந்தக் கொடூரமான உடல்மாற்றம் சிறு பையன்களுக்குச் செய்யப்பட்டது. பெரும்பாலானவர்கள் அதில் இறந்தும் போனார்கள். வளர்ந்த ஒரு பெண் அதை எப்படித் தாங்கினாள், பிறவியிலேயே வந்த மூத்த குருதியின் சக்தி எங்கே போனது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. விளக்கம் கேமுக்குள் வரும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த விளக்கம் பலமாக இருந்தால் கேம் நிற்கும். ‘அது அப்படித்தான்’ என்று இரண்டு வரியில் முடித்தால் பழைய ரசிகர்கள் பொறுக்க மாட்டார்கள். மறுபக்கம், ஆட்டமுறை என்று பார்த்தால் இது நல்ல முடிவு என்றே தோன்றுகிறது. எல்லாம் வல்ல சிரியை வைத்து நூறு மணிநேர ரோல்-பிளேயிங் கேம் செய்ய முடியாது. எண்ணெய் தடவுவதும் குப்பி காய்ச்சுவதும் பிசாசைப் பற்றிப் படித்துவிட்டு இறங்குவதும் இல்லாவிட்டால் அது விட்ச்சர் கேமே ஆகாது.

முடிவுகளைப் பற்றிய கவலை வேறு. மூன்றாம் பாகத்தில் சிரிக்கு மூன்று முடிவுகள். விட்ச்சராவது, பேரரசியாவது, திரும்பி வராமலே போவது. அதைத் தீர்மானிக்கும் தருணங்கள் ஐந்தே: மனம் உடைந்திருப்பவளைப் பனிப்பந்து விளையாட்டுக்கு இழுப்பதா குடிக்கச் சொல்வதா, பேரரசரிடம் கூட்டிப்போய்க் காசு வாங்குவதா, சூனியக்காரிகளின் சபைக்கு அவளைத் தனியே விடுவதா, அவல்லாக்கின் ஆய்வுக்கூடத்தை அவள் உடைக்கும்போது தடுப்பதா, ஸ்க்யாலின் கல்லறைக்கு அவளோடு போவதா. அதிகமானவை அவள் மனதுக்குத் தெம்பு தருபவையாக இருந்தால் அவள் பிழைப்பாள். பேரரசியாக வேண்டுமென்றால் அவளைப் பேரரசர் எம்ஹிரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும், எதிரி மன்னன் ராடோவிட்டைக் கொல்லும் அரசியல் வேலையையும் பேரரசரின் நில்ஃப்கார்டு ஜெயிக்கும்படி முடித்திருக்க வேண்டும். நான்காம் பாகம் விட்ச்சர் பாதையை எடுத்துக்கொண்டது கண்கூடு. பேரரசி முடிவை நேசித்தவர்களுக்கு இது கசக்கும். கெரால்ட்டுக்குக் குரல் கொடுத்த டக் காக்கிள் இதிலும் இருக்கிறார், ஆனால் கெரால்ட் நாயகன் இல்லை. இதுவும் சிலருக்குக் கசக்கிறது. எனக்கென்னவோ கெரால்ட்டை அவன் திராட்சைத் தோட்டத்தில் நிம்மதியாக விட்டுவிடுவதே மரியாதை என்று படுகிறது.

உங்கள் கவலை இந்த வகை என்றால் மெஷின் ஒப்பீடே தேவையில்லை. கேம் வெளியாகி, முழுக்க ஆடி முடித்தவர்கள் பேச ஆரம்பிக்கும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

எதில் ஓடும் என்ற கவலை

இந்தப் பயத்துக்குப் பெயர் சைபர்பங்க் 2077, இதே நிறுவனத்தின் முந்தைய கேம். நாள் பலமுறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10-ல் வந்தது. ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது, அடுத்த ஜூனில்தான் திரும்பியது. காரணத்தை நிறுவனமே பிறகு ஒத்துக்கொண்டது. நல்ல பிசியை மனதில் வைத்துப் பெரிய நகரத்தைக் கட்டினார்கள். பிறகு அதைப் பழைய கன்சோல்களுக்குள் அடக்கப் பார்த்தார்கள். நகரத்தில் வேகமாகப் போகும்போது அடுத்த தெருவைப் பழைய ஹார்ட் டிஸ்க் அந்த வேகத்துக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்சும் (திருத்தப் புதுப்பிப்பு) ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையும்தான் பெயரைக் காப்பாற்றின. அதாவது முதல் நாள் ஆடியவருக்கும் மூன்று வருடம் பொறுத்தவருக்கும் கிடைத்தது இரண்டு வேறு கேம்கள், பொறுத்தவருக்கு விலையும் குறைவு.

இந்த முறை வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். முதலில் கன்சோல், அதிலும் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்), பிறகு மேலே பிசி என்று தொழில்நுட்பக் குழு வெளிப்படையாகச் சொன்னது. 2025 டெமோ ஓடியதும் சாதாரண பிஎஸ்5-ல்தான், ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங்குடன் 60 ஃபிரேமில். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்-ல் அதே 60 ஃபிரேம் மிகக் கடினம் என்றும் அவர்களே சொன்னார்கள். எனவே சீரீஸ் எஸ் விலை குறைவு என்று இந்தக் கேமுக்காக அதை வாங்குவதாக இருந்தால் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

டெமோவை அப்படியே நம்பலாமா? கூடாது. அது கேம்பிளே அல்ல என்று அவர்களே அறிவித்துக் காட்டியது. எதிரிகள், சண்டை, பின்னணியில் ஓடும் குவெஸ்ட் கணக்குகள் எல்லாம் சேர்ந்தால் சுமை கூடும். 2015-ல் மூன்றாம் பாகம் வந்தபோது, முந்தைய டிரெய்லர்களில் பார்த்த வெளிச்சமும் புகையும் குறைந்துவிட்டன என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. டெமோவிலிருந்து எடுக்கத்தக்கது ஒன்றுதான்: எந்தப் பெட்டியை அளவுகோலாக வைத்து வேலை செய்கிறார்கள் என்பது.

அன்ரியல் 5 கேம்களில் வரும் திக்கல் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிசியா கன்சோலா என்பதில் இதுதான் தராசைச் சாய்க்கிறது. திக்கல் இரண்டு வகை. ஒரு புதிய தீ, புதிய மந்திரம் முதல்முறை திரையில் வரும்போது அதற்கான ஷேடரை (ஒளி, நிறத்தை வரையும் சிறு நிரல்) உங்கள் கார்டுக்கு ஏற்ப அந்த நேரத்திலேயே தயாரிப்பதால் அரை நொடி நின்று ஓடும். இது பிசியில் மட்டும் வரும். கன்சோலில் எல்லாருடைய சிப்பும் ஒன்றே என்பதால் ஷேடர்களை முன்பே தயாரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது வகை, குதிரையில் விரைந்து போகும்போது அடுத்த நிலப்பகுதி நினைவகத்துக்குள் ஏறும் நொடியில் வருவது. இது எந்தப் பெட்டியையும் விடாது. சிடி புராஜெக்டும் எபிக்கும் சேர்ந்து செய்த வேகமான நிலம்-ஏற்றும் முறை இதற்காகத்தான் வந்தது, டெமோவில் கெல்பியை ஓடவிட்டுக் காட்டியதும் அதனால்தான். முதல் வகைக்கு மருந்து, கேம் முதலில் திறக்கும்போது ஷேடர் தயாரிப்பு முடியும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம் ஆனாலும், குறுக்கிடாமல் விடுவது. டிரைவர் புதுப்பித்தால் அது மறுபடி நடக்கும். பொறுமையில்லாமல் தாண்டிவிட்டு ‘லேக் அடிக்கிறது’ என்று புலம்புகிறவர்கள் நிறைய.

பிசி

ஏற்கெனவே பிசி இருப்பவருக்கும் புதிதாகக் கட்டுபவருக்கும் பதில் வேறு. கட்டுபவர் காத்திருக்கலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது, ஏஐ சர்வர்களுக்கு மெமரி பெருமளவு போவதே காரணம். தேவைப் பட்டியலே இல்லாத கேமுக்காக ஏறிய விலையில் வாங்குவது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது போல. வேறு வேலைக்காகக் கட்டாயம் இப்போதே கட்ட வேண்டுமென்றால் 8 ஜிபி கார்டைத் தவிருங்கள், 12 ஜிபி அல்லது மேல் பாருங்கள். ரேம் 32 ஜிபி முடியாவிட்டால் 16 ஜிபியை இரண்டு 8-ஆகப் போடுங்கள், ஒற்றைக் குச்சியாகப் போட்டால் ரேம் தரவு அனுப்பும் வேகம் பாதியாகும். எஸ்எஸ்டி என்விஎம்இ வகையாக 1 டிபி. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் முதலில் சாவதும், சாகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போவதும் மலிவான பவர் சப்ளைதான்.

கேமிங் லேப்டாப் கரண்ட் போனால் அணையாது என்பது பெரிய வசதி. ஆனால் பேட்டரியில் கார்டு தன் முழு வேகத்தைக் காட்டாது. அதோடு ஒரே பெயருள்ள கார்டு ஒரு லேப்டாப்பில் 60 வாட்டிலும் இன்னொன்றில் 115 வாட்டிலும் ஓடும். கடையில் பெயரைக் கேட்காமல் வாட்டைக் கேளுங்கள்.

பிசியின் உண்மையான பலம் மோட்கள் (ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள்), பிறகு விலை. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். சிடி புராஜெக்ட் தொடங்கிய ஜிஓஜி கடையில் 30 நாள். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது. முதல் நாள் பயம் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கில்.

பிஎஸ்5

2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் மாடல், 2022 நவம்பரில் 54,990 ஆனது. டிஜிட்டல் 39,990-லிருந்து 44,990. பழையதானால் விலை இறங்கும் என்ற கணக்கு இந்தத் தலைமுறையில் பொய்த்துவிட்டது. அதே காசுக்குச் சமமான பிசி கட்ட முடியாது என்பதும் மாறவில்லை.

டிஸ்க்கா டிஜிட்டலா என்றால் நம் பக்கத்துக்கு டிஸ்க். கேம் பிடிக்காவிட்டால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கைமாற்றிவிடலாம், ஸ்டோரில் திரும்பாத பணம் இப்படித் திரும்பும். பழைய பிஎஸ்4 விட்ச்சர் 3 டிஸ்க் இருந்தால் அதைப் போட்டு பிஎஸ்5 பதிப்பை இலவசமாகப் பெறலாம், அதற்கும் டிஸ்க் டிரைவ் வேண்டும். முதல் மாடலில் 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் பயன்படுத்தக் கிடைப்பது 667 ஜிபி. கூடுதல் எஸ்எஸ்டி போடுவதானால் நான்காம் தலைமுறை எம்.2, நொடிக்கு 5,500 எம்பி வேகம், மேலே ஹீட்சிங்க் கட்டாயம்.

பிஎஸ்5 புரோ 2024 நவம்பரில் வெளியானபோது 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அனுமதிச் சிக்கலால் இந்தியாவைத் தாண்டிப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பெட்டிக்கு இங்கே வாரண்டி கிடைப்பது கஷ்டம். சாதாரண பிஎஸ்5-ஐ அளவாக வைத்துச் செய்யப்படும் கேமுக்கு அது அவசியமும் இல்லை.

வாங்கும் இடம் பற்றி: களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் பெரிய தூர வித்தியாசம் இல்லை. ஜிஎஸ்டி வந்தபிறகு எல்லை தாண்டினால் வரி குறையும் என்ற பழைய கணக்கும் செத்துவிட்டது. தள்ளுபடிக் காலம் மட்டும் வேறு. அந்தப் பக்கம் ஓணம், இந்தப் பக்கம் தீபாவளி. இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குகிற வசதி சென்னைக்காரருக்குக் கிடையாது.

கிளவுட்

கேம் தூரத்து சர்வரில் ஓட, படம் மட்டும் இணையத்தில் வரும் வழி இது. சுருக்கமாகச் சொன்னால் மழைக்காலத்தில் இதை நம்ப வேண்டாம். 1080பி-யில் 60 ஃபிரேமுக்கு 25 எம்பிபிஎஸ் விடாமல் வேண்டும். அது மணிக்கு ஏறக்குறைய 11 ஜிபி. 1 டிபி வரம்புள்ள வயர்லெஸ் இணைப்பில் 90 மணிநேரத்தில் தீர்ந்துவிடும். வேகம் கிடைத்தாலும், அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் கொம்பு ஃபைபர் மேல் விழுந்தால் லைன்மேன் வரும்வரை கேம் இல்லை. வேறு மெஷினே இல்லாதவர் ஒரு மாதம் கட்டிக் கதையை முடிக்க இது போதும், சொந்தமாகக் கொண்டாட இது சரிப்படாது.

மழையும் மின்சாரமும்

எதை வாங்கினாலும் குமரி மாவட்டத்துக்கும் தென்கேரளத்துக்கும் ஒரு தனிச் செலவு உண்டு. இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் நமக்குத்தான். துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், மதியத்துக்கு மேல் இடி மின்னல் வழக்கம். மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை, கேபிள் டிவியின் செம்பு வயரிலும் வரும், அங்கிருந்து டிவி, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோல். எனவே இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் கேபிளையும் பிடுங்க வேண்டும். பிஎஸ்5-ஐ ரெஸ்ட் மோடில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், முழுக்க அணையுங்கள்.

பிஎஸ்5-ம் டிவியும் சேர்ந்து 280 வாட் என்று வைத்தால் 600 விஏ யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும், சேவ் செய்து அணைக்க அது போதும். பிசிக்கு 1,000 விஏ-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதானால் இரண்டு விஷயம் பாருங்கள். அது ப்யூர் சைன் வேவ் வகையா. பின்பக்க சுவிட்ச் ‘யூபிஎஸ்’ நிலையில் இருக்கிறதா. சாதாரண நிலையில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம், ஃபேனுக்குத் தெரியாது, பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் நல்ல பவர் சப்ளைகளும் உறுமும், சில அணைந்தே போகும்.

தினம் மூன்று மணிநேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 400 வாட் பிசி 72 யூனிட், 280 வாட் பிஎஸ்5 கூட்டணி 50 யூனிட். 22 யூனிட் வித்தியாசம் பெரிதல்ல, நீங்கள் அடுக்கின் விளிம்பில் இல்லாதவரை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். கேரளத்தில் மாதம் 250 தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் உயர்ந்த விலை. ஏசி ஓடும் வீட்டில் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கார்டைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வழி யாருக்கு

கையில் எந்த மெஷினும் இல்லை, வேறு கேம்களும் ஆட ஆசை என்றால் சாதாரண பிஎஸ்5, டிஸ்க் மாடல். விட்ச்சர் 4 எப்போது வந்தாலும் அதற்காகவே சோதிக்கப்படும் பெட்டி அது. விட்ச்சர் 4 மட்டுமே இலக்கு என்றால் அதையும் இப்போது வாங்காதீர்கள், வாரண்டி ஆண்டு சும்மா ஓடிவிடும். பிசி இருப்பவர் தேவைப் பட்டியல் வரும்வரை எஸ்எஸ்டியும் யூபிஎஸ்-ம் தவிர எதையும் மாற்ற வேண்டாம். முன்பதிவு மூன்று பேருக்குமே வீண். டிஜிட்டலில் கேம் தீர்ந்துபோகாது, சைபர்பங்க் நினைவிருக்கிறவர் முதல் இரண்டு பேட்ச் வரை பொறுக்கலாம்.

காத்திருக்கும் நேரத்துக்கு மூன்றாம் பாகமே இருக்கிறது, பக்கக்கதைகளோடு நூறு மணிநேரத்துக்கு மேல். பழைய பிசியில் 2022 டிசம்பர் புதுப்பிப்புக்குப் பிறகு அது திக்கினால், லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 12-க்குப் பதில் 11 தேர்ந்தெடுங்கள். ரே டிரேசிங் போய்விடும், வேகம் திரும்பிவிடும். முடித்தபின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘தி விட்ச்சர் 3’ திறந்து ‘கேம்சேவ்ஸ்’ ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். இரண்டாம் பாகத்தின் சேவை மூன்றாம் பாகம் படித்தது. சேவ் இல்லாதவர்களிடம் தொடக்கத்தில் ஒரு படைத்தலைவன் உட்கார்ந்து கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டான். நான்காம் பாகம் எதைச் செய்தாலும், அந்த ஃபோல்டரைக் காப்பி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.